கோப்பும் ஒரு வாக்கியமும்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயலில் 37ஆம் அடிக்குறிப்பாக ஒரு வரி இருந்தது. சமர்ப்பிப்பதற்கு இரண்டு நாள் முன்பு அதை நீக்கினேன். கடந்த மாதம் நடந்த வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த இயலைத்தான் சிறப்பாகப் பாராட்டினார். மாமன்ற உறுப்பினர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் தம் தவறைத் தாமாகவே ஒப்புக்கொண்டதாக நான் எழுதியிருந்த பகுதியை உரக்கப் படித்துக் காட்டி, இந்திய உள்ளாட்சி குறித்த ஆய்வுகளில் இத்தகைய தருணம் அரிது என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அந்தத் தருணம் எப்படி நேர்ந்தது என்பதைத்தான் நீக்கப்பட்ட அடிக்குறிப்பு சொல்லியிருந்தது. ஒரு வரியில் அடங்காத செய்தி அது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

களம் மேற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு மாநகராட்சி. ஊர்ப்பெயரை ஆய்வேட்டிலும் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. 2018 டிசம்பர் முதல் 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்படும் வரை அங்கே இருந்தேன். உள்ளாட்சிப் பிரதிநிதிகள் பத்திரிகைகளை எவ்வாறு கையாளுகிறார்கள் என்பது என் ஆய்வுப் பொருளின் ஒரு பகுதி. அதற்காக நான் நிழல்போலப் பின்தொடர்ந்த ஐந்து உறுப்பினர்களில் ஒருவர்தான் இக்கட்டுரையின் நாயகி. அந்தப் பகுதியில் எல்லோரும் அவரைத் தாயி என்றே அழைத்தார்கள். மராத்தியில் அது அக்கா என்று பொருள்படும், அம்மா அன்று. செய்தியாளரை அவர் தாதா என்று அழைப்பார், அது அண்ணன். என் களக்குறிப்புகளைப் படித்த நண்பர் ஒருவர், தாயும் தாதாவும் வரும் இந்தக் கதை ஏதோ பழைய திரைப்படம் போலிருக்கிறதே என்று கேலி செய்தார்.

தாயி 2017 தேர்தலில் மகளிர் ஒதுக்கீட்டு இடத்தில் வென்று முதன்முறையாக மாமன்றத்துக்குள் நுழைந்தவர். மகாராஷ்டிரத்தில் 2011 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. அதற்கு முன்பு அவர் மகளிர் சேமிப்புக் குழு ஒன்றின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வென்ற முதல் சில மாதங்களில் செய்தியாளர்கள் கருத்துக் கேட்க அவருடைய கணவரைத்தான் தொலைபேசியில் அழைத்தார்களாம். கணவர் சொன்னதை மனைவி சொன்னதாக அச்சிடுவது அங்கே வழக்கமானது. அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. தாயி ஒரு நாள் எல்லா உள்ளூர்ச் செய்தியாளர்களையும் வீட்டுக்கு அழைத்து அவல் உப்புமா பரிமாறிவிட்டு, இனி என் கணவர் வாயிலிருந்து வரும் சொல் என் பெயரில் அச்சானால் மறுப்பு எழுதுவேன், அந்த மறுப்பையும் நீங்கள்தான் அச்சிட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் சொன்னவர் அவருடைய கணவர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

களத்துக்குப் போகும்போது என் பையில் இருந்த நூல்களில் உர்சுலா ராவ் லக்னோ செய்தியாளர்களைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வும், இந்தி நாளிதழ்கள் சிற்றூர்களுக்குள் பரவிய கதையைச் சொல்லும் சேவந்தி நைனானின் 2007ஆம் ஆண்டு நூலும் முக்கியமானவை. உள்ளூர்த் தலைவர்களும் உள்ளூர்ச் செய்தித்தாளும் ஒருவரையொருவர் உருவாக்கிக்கொள்வதை இவை காட்டுகின்றன. இருந்தாலும், செய்தி யாரைச் சென்று சேர்கிறது என்ற கேள்விக்கு என் மனத்தில் ஆயத்தமான ஒரு விடை இருந்தது: வாக்காளரை. தாயியோடு இரண்டு மாதம் சுற்றியதும் அந்த விடை தளர்ந்துவிட்டது.

இதற்குச் சட்டம் ஒரு காரணம். மகாராஷ்டிரத்தின் மாநகராட்சிகளை ஆளும் 1949ஆம் ஆண்டுச் சட்டம், நிறைவேற்று அதிகாரத்தை முழுவதுமாக ஆணையரிடம் ஒப்படைக்கிறது. ஆணையர் மாநில அரசு அனுப்பிவைக்கும் அதிகாரி. எழுபத்து நான்காம் அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, நகராட்சிகளுக்கு உரியவையாகப் பதினெட்டுப் பொருள்களைப் பட்டியலிட்ட பின்னும் இந்த அடிப்படை மாறவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் மக்கள் மாமன்ற உறுப்பினரின் கதவைத்தான் தட்டுவார்கள். ஆனால் ஒரு விளக்கை மாற்றும் ஆணையைக்கூட அவர் பிறப்பிக்க முடியாது. அவர் கடிதம் எழுதலாம், கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், அதிகாரியின் அறைக்குப் போய் உட்காரலாம். அவ்வளவுதான்.

நான்காவது வழி செய்தித்தாள். அந்த மாநகராட்சியின் மக்கள் தொடர்புப் பிரிவில் ஒவ்வொரு காலையும் நாளிதழ்களைக் கத்தரித்து, தாளில் ஒட்டி, துறைத் தலைவர்களுக்கு அனுப்புவார்கள். ஆணையர் ஓரத்தில் ஒரு கோடு இழுத்திருந்தால் அன்று மாலைக்குள் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். தாயியின் சொற்களில்: “என் கடிதம் போய்ச் சேர மூன்று மாதம். அதே கடிதம் பேப்பரில் வந்தால் மூன்று நாள்.” அவர் மனத்தில் இருந்த வாசகர் பேருந்து நிறுத்தத்தில் தாளை விரிக்கும் குடிமகன் அல்லர்; வடிகால் துறையின் செயற்பொறியாளர். செய்தி அவருக்கு ஒரு வகை அலுவலகக் குறிப்பாணை.

இதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய முறை. முதலில் துறைக்குக் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்வார். ஒரு மாதம் காத்திருப்பார். பிறகு அந்த நகலைச் செய்தியாளரிடம் கொடுப்பார். பேச்செல்லாம் அதற்குப் பின்புதான். தாளைக் கொடுக்காமல் அவர் பேசி நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. ‘இதை எழுதாதீர்கள்’ என்ற வாக்கியம் அவர் வாயில் வந்ததில்லை. எழுதக்கூடாதது என்றால் சொல்லவே மாட்டார். என்னிடமும் அப்படித்தான். நான் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தால், “முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள் மேடம்” என்று ஒரு பச்சைக் கோப்பை நீட்டுவார். படிக்காமல் மறுநாள் போய் நின்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

சக உறுப்பினர்களின் வழி வேறு. 2017 தேர்தலில் மும்பை தவிர்த்த மாநகராட்சிகளில் பொதுவாக ஒரு வட்டத்துக்கு நான்கு உறுப்பினர்கள் என்ற முறை வந்தது. ஒரே குழாய், ஒரே சாலை, நான்கு பேர். புதிதாகப் போட்ட எந்தச் சாலைக்கும் நான்கு தகப்பன்மார். இந்தப் போட்டிக்கு மராத்திப் பத்திரிகை உலகில் ‘ஷ்ரேயவாத்’ என்றொரு சொல்லே உண்டு. நற்பெயர் யாருக்கு என்ற வழக்கு. காலை ஏழு மணிக்கே வாட்ஸ்அப்பில் செய்தியாளர் குழுவுக்கு நான்கு குறிப்புகள் வரும், நான்கு ஒளிப்படங்களுடன். படங்களில் சாலை ஒன்றே. முன்னால் நிற்பவர் மட்டும் மாறுவார். தாயியும் படம் அனுப்பினார். அவரை இங்கே புனிதராக்கிவிடக் கூடாது. ஓடையை ஒட்டி நடைப்பயிற்சிப் பாதை ஒன்று 2018இல் திறக்கப்பட்டபோது நாடா வெட்டும் அவருடைய படம் உள்ளூர் இணைப்பின் முதல் பக்கத்தில் வந்திருந்தது. அவருடைய அலுவலகச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த ஒரே செய்தி அதுதான். பிறந்தநாளன்று கால்பக்க விளம்பரமும் கொடுப்பார். அந்தப் பகுதியின் செய்தியாளர் மாதச் சம்பளக்காரர் அல்லர். அச்சான செய்திக்கு ஏதோ ஒரு தொகை, கொண்டுவரும் விளம்பரத்தில் ஒரு பங்கு. பிறந்தநாள் வாழ்த்துகளால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது விலைக்கு விற்கப்பட்ட செய்திகளைப் பற்றிப் பி. சாய்நாத் எழுதியதையும் அடுத்த ஆண்டு இந்தியப் பத்திரிகை மன்றத்தின் துணைக்குழு எழுதிய அறிக்கையையும் படித்துவிட்டு வந்திருந்த நான், இந்தக் கால்பக்கத்தை ஒரு குற்றச்சாட்டின் தொனியில் குறிப்பிட்டேன். தாயி அலட்டிக்கொள்ளவில்லை. “அது தபால் செலவு” என்றார்.

ஒருமுறை அவருடைய அண்ணன் மகன் நடைமேடையை மறித்து அனுமதியில்லாமல் வைத்த பதாகையைப் பற்றிச் செய்தி வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் இத்தகைய பதாகைகளைப் பலமுறை கண்டித்திருந்த காலம். தாயி செய்தியாளரை அழைத்துச் சண்டையிடுவார் என்று நான் குறிப்பேட்டோடு காத்திருந்தேன். அவர் பதாகையை இறக்கச் செய்து, தண்டம் கட்டிய ரசீதின் நகலைச் செய்தியாளருக்கு அனுப்பினார். அந்த ரசீது அச்சாகவில்லை. அதைக் குறித்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பொது ஒதுக்கீட்டில் வேறொரு வட்டத்தில் வைக்கப்பட்ட பதாகைகளுக்குத் தண்டம் விதிக்கப்பட்டதா என்று துறையைக் கேட்கும் அவருடைய கடிதம் அடுத்த மாதம் அச்சில் வந்தது. ரசீதை அவர் எதற்காகச் சேமித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நகராட்சிக்காரர்களும் அச்சும் இந்நாட்டில் நெடுநாள் உறவினர்கள். பம்பாய் மாநகராட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்த பிரோஸ்ஷா மேத்தா 1913இல் பாம்பே கிரானிக்கிள் நாளிதழைத் தொடங்கினார். கல்கத்தா மாநகராட்சி 1924இல் தனக்கென ஒரு வார இதழையே நடத்தத் தொடங்கியது. பத்திரிகை தேவைப்பட்டால் பத்திரிகை தொடங்கிக்கொள்ளும் வசதி அன்றைய நகரத் தந்தையர்க்கு இருந்தது. தாயிக்கு இருந்தது முத்திரை வாங்கிய நகல்கள் மட்டுமே. அச்சிடுவது பிறர் கையில்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறேன்.

2019 ஆகஸ்டில் கோலாப்பூரும் சாங்லியும் வெள்ளத்தில் மூழ்கின. அதன்பின் மாநிலத்தின் எல்லா நாளிதழ்களும் நீர்வழிகளின் மீது கண்ணாக இருந்தன. செப்டம்பரில் ஓர் இரவு எங்கள் ஊரில் மூன்று மணி நேரம் விடாமல் கொட்டியது. தாயியின் வட்டத்தில் ஓடை கரைபுரண்டு, தாழ்வான குடியிருப்புக்குள் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வீடுகளுக்குள் இடுப்பளவு நீர். கோதுமை மாவும் பள்ளிப் புத்தகங்களும் ரேஷன் அட்டைகளும் ஒரே சேற்றில் கிடந்தன. காலை ஆறு மணிக்கு நான் போனபோது தாயி முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மூதாட்டியின் தையல் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் எங்கே திரும்பியது என்பது கண்ணுக்கே தெரிந்தது. நடைப்பயிற்சிப் பாதை தொடங்கும் இடத்தில் ஓடை குறுகியிருந்தது. பாதையைத் தாங்கும் தடுப்புச் சுவர் கரையின் மீது நிற்காமல் ஓடைக்குள் நின்றது. குப்பையும் முறிந்த கிளைகளும் அங்கே அடைத்துக்கொள்ள, நீர் எதிர்க்கரையில் ஏறியிருந்தது. எதிர்க்கரையில்தான் அந்தக் குடியிருப்பு.

பத்து மணியளவில் செய்தியாளர் வந்தார். தாயி அலுவலகத்துக்கு ஆளனுப்பிப் பச்சைக் கோப்பை வரவழைத்திருந்தார். இருபத்திரண்டு தாள்கள். பாதை வேண்டும் என்று மூத்த குடிமக்கள் சங்கம் தாயிக்குக் கொடுத்த மனு, தாயி துறைக்கு எழுதிய கோரிக்கை, துறையின் வரைபடங்கள், வேலை தொடங்கிய பின், ஓடையின் அகலம் குறைகிறதே, சுவரை ஏன் உள்ளே தள்ளிக் கட்டுகிறீர்கள் என்று தாயி எழுதிய இரண்டு கடிதங்கள், முத்திரையுடன். பதில் எதுவும் இல்லை. வரைபடங்களில் முதலில் ஒப்புதல் பெற்றதும் பின்னர்த் திருத்தியதும் தனித்தனியாக இருந்தன. செய்தியாளர் நின்றபடியே தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டார். படிக்க நாள் வேண்டும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தாயியும் அதற்குமேல் பேசவில்லை. தாளைக் கொடுத்தாயிற்று, பேச்சு நாளை.

அப்போது நான் வாய் திறந்தேன். என் மராத்தி அன்றும் இன்றும் நாகரிகம் குறைந்தது; சுற்றி வளைத்துக் கேட்கும் வினைமுற்றுகள் எனக்குக் கைவரவில்லை. களக்குறிப்புக்காக, ஒரு தகவலை உறுதி செய்துகொள்ளும் சாதாரண நோக்கத்தில் கேட்டேன்: “தாயி, இந்தப் பாதை வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே?”

தாயி செய்தியாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சேறு காய்ந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “ஆமாம். நான்தான் கேட்டேன். கல்வெட்டில் என் பெயர் இருக்கிறதே” என்றார்.

மறுநாள் உள்ளூர் இணைப்பில் நான்கு பத்தி அகலத்தில் தலைப்பு: பாதையைக் கேட்டது நான்தான் என்று உறுப்பினர் ஒப்புதல். கீழே சேற்றில் நிற்கும் தாயியின் படம். பக்கத்தில் பொடி எழுத்துக் குறிப்புடன் பழைய நாடா வெட்டும் படம். கோப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் இருந்த தடயமும் இல்லை. செய்தியின்படி தாயி செய்தியாளரிடம் ‘மனம் திறந்து’ கூறியிருந்தார்.

அதற்கடுத்த நாள் துறையின் விளக்கம் வந்தது: மக்கள் பிரதிநிதியின் கோரிக்கைக்கு இணங்கவே பாதை அமைக்கப்பட்டது. ஒரு சொல் பொய்யில்லை. சுவர் ஏன் ஓடைக்குள் இறங்கியது என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் புதைந்துபோயிற்று. வட்டத்தின் மற்ற மூன்று உறுப்பினர்களும், அவர்களில் இருவர் தாயியின் சொந்தக் கட்சிக்காரர்கள், தங்களுக்கும் பாதைக்கும் தொடர்பில்லை என்று காலை ஏழு மணிக் குறிப்பு அனுப்பினார்கள். சாலைக்கு நான்கு தகப்பன்மார் இருந்த வட்டத்தில் இந்தப் பாதைக்கு ஒரே ஒரு தாய். பொதுக்குழுவில் விவாதம் நடந்தது. தாயியைப் பற்றித்தான் பேசினார்கள், வரைபடத்தைப் பற்றி அல்ல. எதிர்பார்த்திருந்த குழுத் தலைமை அடுத்த ஆண்டு அவருக்கு வரவில்லை. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை.

நான் முதலில் கோபித்துக்கொண்டது செய்தியாளர் மீது. ஒரு வாரம் கழித்துத் தேநீர்க் கடையில் அவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் தயங்காமல் பதில் சொன்னார். மாலை ஐந்து மணிக்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். இருபத்திரண்டு தாள்களைப் படித்துப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி விளங்கிக்கொள்ள நான்கு நாளாகும். நான்கு நாளுக்குப் பிறகு வெள்ளம் பழைய செய்தி. “அந்த வாக்கியம் தானாக வந்தது மேடம். விட்டுவிட்டால் என் ஆசிரியர் என்னைச் சும்மா விடுவாரா?” பிறகு, தேநீரை முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, அவர் சொன்னது எனக்குள் இன்றுவரை இருக்கிறது. “அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் தாயி கோப்பைக் காட்டியிருப்பார். நீங்கள் கேட்டதால் பதில் சொன்னார்.”

அவர் சொன்னதை வெகுநாள் யோசித்தேன். தாயி ஒன்பது மாதமாக எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்: படி, பிறகு பேசு. நானும் படித்தேன், ஆகவே என்னோடு பேசும்போது அவர் காவலைத் தளர்த்தியிருந்தார். என்னிடம் சொன்ன ‘ஆமாம்’ என்பதன் பின்னால் நாங்கள் இருவரும் அறிந்த இருபத்திரண்டு தாள்கள் நின்றன. அருகில் நின்று கேட்டவருக்கு ‘ஆமாம்’ மட்டுமே கேட்டது. தாயியின் பல்லாண்டு ஒழுங்கைக் கலைத்தது பத்திரிகையாளரின் சூழ்ச்சியன்று, என் நட்பு.

தாயியிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அலுவலகச் சுவரில் அந்தச் சட்டமிட்ட படம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கவில்லையா என்று கேட்டேன். எதற்கு இறக்க வேண்டும், நான் வெட்டிய நாடாதானே என்றார். அவருக்கு என் மீது கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று அவர் ஒன்று சொன்னார்: சுவர் உள்ளே போவதைப் பார்த்து இரண்டு கடிதம் எழுதிய பின்பும், பதில் வராத நிலையில், திறப்பு விழாவுக்குப் போய் நின்றது தம் தவறு; அந்தக் கடிதங்களை அப்போதே செய்தியாளரிடம் கொடுத்திருக்க வேண்டும்; திறப்பு விழாப் படம் கெட்டுவிடுமே என்று கொடுக்கவில்லை. தம் தவறு இன்னதென்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. செய்தித்தாளில் அவர் ஒப்புக்கொண்டதாக வந்த தவறு வேறு, அவர் செய்த தவறு வேறு. பாதை கேட்டது தவறே இல்லை. வெளிப்படைத்தன்மை என்று நாம் வகுப்பறைகளில் கொண்டாடும் சொல், இந்த இரண்டு தவறுகளையும் பிரித்துப் பார்க்கும் வேலையைச் செய்வதில்லை. யாரோ ஒருவர் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் நிறைவடைந்துவிடுகிறது.

“நீங்களும் அவரும் ஒரு வாக்கியம் கேட்டீர்கள். நான் ஒரு கோப்பு கொடுத்திருந்தேன்” என்றார் வழியனுப்பும்போது. குறையாகச் சொல்லவில்லை, கணக்கைச் சரிபார்ப்பவர் சொல்வதுபோலச் சொன்னார்.

இனி என் பங்கு. களப்பணிக்கு முன் நான் நிரப்பிக் கொடுத்த ஆய்வறப் படிவத்தில், பங்கேற்பாளர்க்குத் தீங்கு நேர வாய்ப்புண்டா என்ற வினாவுக்கு எதிரே ‘இல்லை’ என்று குறியிட்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் குறியிடுவோம். ஆய்வேட்டை எழுதும்போது அந்தச் செய்தி நறுக்கைத் தரவாகப் பயன்படுத்தினேன். செய்தித்தாளின் தேதியிட்டு மேற்கோள் காட்டினேன். ‘ஆய்வாளரின் கேள்விக்கு அளித்த பதில்; செய்தியாளர் உடனிருந்தார்’ என்பதுதான் 37ஆம் அடிக்குறிப்பு. கடைசிப் படியைத் திருத்தும்போது, இது வாதத்தின் வலிமையைக் குறைக்கிறதே என்று தோன்றியது. நானே கிளப்பிய வாக்கியத்தை நானே சான்றாகக் காட்டுவதை எந்தத் தேர்வாளரும் விடமாட்டார். யாரும் என்னை நீக்கச் சொல்லவில்லை. என் நெறியாளருக்கும் தெரியாது. இந்தப் பதிவுக்கு முன் நேற்று அவரிடம் சொன்னேன். செய்தியாளர் கோப்பை விட்டுவிட்டு வாக்கியத்தை எடுத்துக்கொண்டதற்கு ஐந்து மணிக் கெடு இருந்தது, ஆசிரியர் இருந்தார், அடுப்பு இருந்தது. எனக்கு ஐந்து ஆண்டுகளும் உதவித்தொகையும் இருந்தன. கோப்பின் நகலும் என் அலமாரியிலேயே இருந்தது. இயலில் அது பற்றி மூன்று வரிகள் எழுதினேன். வாக்கியத்துக்கு மூன்று பக்கம்.

ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறுவதற்கு முன் அடிக்குறிப்பையும் திருத்தக் குறிப்பு ஒன்றையும் சேர்க்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். புறத்தேர்வாளருக்கும் தனியே எழுதியிருக்கிறேன். இருவரிடமிருந்தும் பதில் வர வேண்டும்.

இதை வெளியிடுவதற்கு முன் தாயியை அழைத்து அனுமதி கேட்டேன். 2022 மார்ச்சில் அந்த மாமன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்காமல் நிர்வாக அதிகாரியின் ஆட்சி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பதவி இல்லாத அந்த நாள்களிலும் மக்கள் அவர் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவரும் கடிதம் எழுதி முத்திரை வாங்கிக்கொண்டுதான் இருந்தார். நம் செய்தியாளர் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு மனை விற்பனைக்குப் போய்விட்டாராம். பிறந்தநாள் வாழ்த்து மட்டும் இன்னும் அனுப்புகிறாராம். பாதை இருக்கிறது, சுவரும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள் என்றார் தாயி. ஊர்ப்பெயர் வேண்டாம் என்பது மட்டும் நிபந்தனை. தமிழில் எழுதினால் எங்கள் ஊரில் யார் படிக்கப்போகிறார்கள் என்று சிரித்தார். பிறகு சற்று நிறுத்தி, “ஆய்வேட்டில் அந்த வரைபடத்தைச் சேர்த்தீர்களா?” என்று கேட்டார்.

சேர்க்கவில்லை என்றேன்.

நேற்று இரவு அலமாரியிலிருந்து பச்சைக் கோப்பை எடுத்து, ஊர்ப்பெயரும் கையொப்பங்களும் தெரியாமல் மறைத்து, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்தேன். திருத்தக் குறிப்போடு பின்னிணைப்பாக இருபத்திரண்டும் போகும். எட்டாம் தாளில் சுவர் கரையின் மேல் இருக்கிறது. ஒன்பதாம் தாளில் ஓடைக்குள் இருக்கிறது.